கோட்டாற்றில் குழி வெட்டும்போது மேலே வரும் பானை ஓடுகள்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நாகர்கோவில் மாநகராட்சிப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கோட்டாறு போன்ற பழைய ஊர்களில் சாக்கடை, குடிநீர்க் குழாய், கட்டட அஸ்திவாரம் என்று எதற்காகக் குழி வெட்டினாலும், அதை மூடுவதற்கு முன் தொல்லியல் தெரிந்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும். மேலே வருகிற பானை ஓடுகள் எந்த ஆழத்தில், எந்த மண்ணில் கிடந்தன என்று எழுதி வைக்க வேண்டும். அந்த ஓடுகள் இந்த மாவட்டத்திலேயே ஓரிடத்தில் இருக்க வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் இதை ஏன் கேட்கிறேன் என்பதற்காக.

நான் கோட்டாற்றில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தொல்லியல் படித்தவள் அல்ல. ஆனால் பிள்ளைகளுக்குச் சோழர், பாண்டியர், வேணாட்டு அரசர் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம், "அப்போ நம்ம ஊர்ல சாதாரண ஆளுங்க எப்படி இருந்தாங்க டீச்சர்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்காது. பதில் இருக்கிற இடம் எங்கள் தெருவுக்கு அடியில்தான் என்பது இப்போது தெரிகிறது. அது லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் தெரிகிறது.

கோட்டாறு என்றால் இன்றைக்குக் கம்போளமும் சவேரியார் கோயிலும் ரயில்வே ஸ்டேஷனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஊரின் வயது அதைவிட மிகப் பெரியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய நிலவியல் நூலில், தென்கோடியை ஆண்ட ஆய் அரசர்களின் நாடான ஆய் நாட்டின் பெருநகராகக் கோட்டியாரா என்ற பெயர் வருகிறது. அது கோட்டாறுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் இங்கே சோழரின் படை நிலைகொண்டிருந்தது. ஒழுகினசேரியில் பழையாற்றின் பக்கத்தில் சோழராஜா கோயில் இன்றும் நிற்கிறது. படை இருந்த ஊர், சந்தை கூடிய ஊர், தென்கோடியில் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே வண்டிப்பாதை போன ஊர். இத்தனை பேருக்குச் சோறு பொங்கியது எந்தப் பானையில்? தண்ணீர் எடுத்தது எந்தக் குடத்தில்? உப்பும் நல்லமிளகும் போட்டு வைத்தது எதில்?

எழுத்துக்கு நம் மாவட்டத்தில் குறைவே இல்லை. திருவிதாங்கூர் அரசு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டி. ஏ. கோபிநாத ராவ் போன்ற அறிஞர்களைக் கொண்டு இந்தப் பகுதிக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்து அச்சிட்டது. சுசீந்திரம், திருநந்திக்கரை, சிதறால் என்று எங்கே போனாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர் தங்கிப் படிக்க சாலை என்ற கல்விக்கூடம் ஒன்று ஏற்படுத்தியதைச் செப்பேடு சொல்கிறது. அந்த மாணவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற ஒழுங்கு விதிகள்கூட அதில் இருக்கின்றன. சரி, 95 பேருக்கு உலை வைத்த பானை என்ன அளவு இருந்திருக்கும்? அவர்கள் தண்ணீர் குடித்தது மண் கிண்ணத்திலா, வெண்கலத்திலா? செப்பேட்டில் அதை எழுத வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. கல்லிலும் செம்பிலும் எழுதியவர்கள் நிலம் கொடுத்தவர்கள், நெல் அளந்தவர்கள், கோயிலுக்கு விளக்கு வைத்தவர்கள். அந்த நெல்லைக் குத்தி, பொங்கி, வடித்தவர்கள் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுப்போனது உடைந்த பானைதான்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய அந்தக் கூடத்தின் ஓரத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்குப் பெரிய பெரிய ஊறுகாய்ப் பரணிகள் இருக்கின்றன. கடல் வழியாக வந்த சீன ஜாடிகள். அவற்றை இத்தனை காலமும் கவனமாகக் காத்து வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். அரண்மனை வாசலைத் தாண்டித் தக்கலைச் சந்தைக்கு வந்தால், அதே காலத்தில் வாழ்ந்த ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பானை ஒன்றைக்கூட நம்மால் காட்ட முடியாது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் மாவட்டத்து மண்ணும் மழையும் இதில் சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் நன்றாகக் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. ஓலைக்கூரை, மரத்தூண், மண்சுவர், துணி, பனையோலைச் சுவடி எதுவும் இந்த ஈரத்தில் பல நூற்றாண்டு தாங்காது. செம்மண்ணின் புளிப்புத் தன்மை எலும்பையும் கரைத்துவிடும். மற்ற ஊர்களில் என்ன இறைச்சி தின்றார்கள், என்ன மீன் பிடித்தார்கள் என்று எலும்பை வைத்துச் சொல்வார்கள். இங்கே பல இடங்களில் அந்த வாய்ப்பும் இல்லை. சுட்ட மண் மட்டும் கரையாது. ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்துக்கு மேல் போன களிமண் திரும்ப மண்ணாக மாறுவதில்லை. அதனால்தான் இந்த ஓடுகளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். மற்ற மாவட்டங்களில் பானை ஓடு பல சாட்சிகளில் ஒன்று. குமரியில் ஒரு சாதாரண வீட்டைப் பற்றிப் பேச அநேகமாக அது ஒன்றுதான் மிச்சம்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒன்றில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். வேலையை எடுத்தவர் யார், எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. யார் வெட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். தார், ஜல்லி, செங்கல் உடைசல் தாண்டி ஆள் தோள் ஆழத்துக்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது. சாம்பல் கலந்த கருப்பு மண். அதில் ஓடுகள் அடுக்கடுக்காக வந்தன. நானும் தெருப் பிள்ளைகள் சிலரும் குழியோரம் குவித்துப் போட்டிருந்த மண்ணிலிருந்து கைக்கு அகப்பட்டதை எடுத்தோம். மீதி மண் லாரியில் ஏறி, எங்கோ ஒரு தோப்பின் பள்ளத்தை நிரப்பப் போனது.

எடுத்ததில் ஒன்று அகலமான வாயுள்ள ஒரு சட்டியின் விளிம்பு. விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து, கீழே ஒரு சிறு வரி ஓடுகிறது. வெளியே கரி அப்பியிருக்கிறது, தொட்டால் இன்னும் விரலில் ஒட்டுகிறது. உள்பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசான குழிகள், வட்டமாக, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக. இன்னொன்று, ஒரு மூடியின் நடுக்குமிழ். குமிழின் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. தினமும் ஒரே கை அதே பக்கம் பிடித்துத் தூக்கியிருக்க வேண்டும். மூன்றாவது, உடைந்த ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. பாண்டி விளையாடுகிற பிள்ளைகள் இன்றைக்கும் ஓட்டுத்துண்டை இப்படித்தான் தேய்ப்பார்கள். தமிழ்நாட்டில் அகழாய்வு நடந்த பல இடங்களில் இதுபோன்ற வட்டச்சில்லுகள் கிடைத்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இவற்றைச் சுங்கான்கடைக்குக் கொண்டுபோய், அங்கே பானை செய்கிற வயதான ஓர் அம்மாவிடம் காட்டினேன். சட்டி விளிம்பைக் கையில் வாங்கியவர் முதலில் அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் உள்பக்கத்தைத் தடவினார்.

"இது சோத்துப்பானை இல்லை டீச்சரே, கறிச்சட்டியாக்கும். வாய் இவ்வளவு அகலமா சோத்துப்பானைக்கு வைக்கமாட்டோம். உள்ள இந்தக் குழி இருக்குல்லா, அது கல்லு வச்சுத் தட்டுனது. மணலு கொஞ்சம் கூடுதலாப் போட்டிருக்காவ. தீயில நிக்கணும்லா."

பிறகு அவரே விளக்கினார். பானையைச் சக்கரத்தில் வனையும்போது அடி திறந்தே இருக்கும். வாயும் கழுத்தும் மட்டும் சக்கரத்தில் முடியும். பாதி காய்ந்த பிறகு உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். தட்டத் தட்ட மண் மெலிந்து, அடி உருண்டு வரும். உருண்ட அடிதான் அடுப்பில் எல்லாப் பக்கமும் ஒரே சூடு வாங்கும், மூலையில் வெடிக்காது. களிமண்ணோடு மணல் சேர்ப்பதும் வெடிக்காமல் இருக்கத்தான். எவ்வளவு சேர்ப்பது என்பது பானைக்குப் பானை மாறும். தண்ணீர்க் குடத்துக்கு ஒரு கணக்கு, அடுப்பில் ஏறுகிற சட்டிக்கு ஒரு கணக்கு.

அந்த ஓட்டைச் செய்தவரும் இதையெல்லாம் அறிந்திருந்தார் என்பதை அந்த அம்மா விரலாலேயே கண்டுகொண்டார். இப்படிப்பட்டவர்கள் சுங்கான்கடையிலும் தாழக்குடியிலும் இன்னும் இருக்கிறார்கள். குளத்து மண் எடுக்கிற அனுமதிக்காகவும், பொங்கலுக்கு மட்டும் விற்கிற பானைக்காகவும் அல்லாடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வருமா என்பது சந்தேகம். குமரி மாவட்டத்தில் பானை ஓடுகளை வகைப்படுத்தும் வேலை எப்போதாவது நடந்தால், இவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட உட்கார வையுங்கள் என்று தனியாக ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். பட்டம் பெற்றவர்களின் அறிவுக்கு இது போட்டி இல்லை. விளிம்பு எந்தக் காலத்து அமைப்பு என்று அவர்கள் சொல்லட்டும், இந்தச் சட்டியில் என்ன வைத்திருப்பார்கள் என்று இவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், தொல்லியல் படிக்கும் மாணவர் ஒருவரிடமும் காட்டினேன். சங்க காலத்துக்கும் அதற்கு முன்புக்கும் அடையாளமான கறுப்பு-சிவப்பு ஓடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் சொரசொரப்பான சிவப்பு, தட்டிச் செய்தவை, ஆகவே இடைக்காலமாக இருக்கலாம் என்றார். எந்த நூற்றாண்டு என்று கேட்டேன். "எந்த ஆழத்தில் எடுத்தீங்க? கூட என்ன கிடந்தது?" என்று திருப்பிக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் எடுத்தது குவியலிலிருந்து. மேலே இருந்த மண்ணும் கீழே இருந்த மண்ணும் இயந்திரத்தின் வாயில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதே அடுக்கில் ஒரு காசு கிடந்திருந்தால், ஒரு கரித்துண்டு கிடந்திருந்தால், ஒரு சீனப் பீங்கான் சில்லு கிடந்திருந்தால், அந்தக் கறிச்சட்டிக்கு ஒரு காலம் சொல்லியிருக்க முடியும். அந்தத் தெருவில் அந்த இடத்தை இனி யாரும் மறுபடி தோண்டிப் பார்க்க முடியாது. குழாய் பதித்துச் சிமென்ட் போட்டாயிற்று.

அதனால்தான் ஓடுகளைச் சேகரிப்பதைவிட ஓடு கிடந்த இடத்தை எழுதுவது முக்கியம் என்று சொல்கிறேன். அழகான ஓடாகப் பார்த்து எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் போதாது. கரி பிடித்த ஓட்டைத் தேய்த்துக் கழுவினால் அதில் ஒட்டியிருக்கும் கரியும் போய்விடும், ஓட்டின் நுண்துளைகளுக்குள் ஊறியிருக்கும் கொழுப்பின் மிச்சமும் பாதிக்கப்படும். சிந்துவெளிப் பானைகளில் இப்படி ஊறிய கொழுப்பை ஆய்ந்து, அவற்றில் என்ன சமைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் ஓட்டிலும் ஒருநாள் அதைச் செய்யலாம். நம் சமையலறையில் இன்றைக்கு மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) வத்தல் மிளகாயும் இல்லாமல் ஒரு வேளை ஓடாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மரச்சீனி திருவிதாங்கூரில் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய குமரிச் சமையல் என்ன? மீனும் நல்லமிளகும் புளியும் தேங்காயும் எந்த அளவில் சேர்ந்தன? எந்த வீட்டில் பால், எந்த வீட்டில் மீன்? இதை ஊகமாகப் பேசாமல் ஆதாரத்தோடு பேசுவதற்கு ஒரே வழி, ஓட்டைச் சரியாக எடுப்பது.

சீனப் பீங்கானைப் பற்றிச் சொன்னேன். கொல்லம் துறைமுகத்தில் 2014இல் கடலடி மண்ணைத் தூர்வாரியபோது சீனக் காசுகளும் சீனப் பானை ஓடுகளும் கிடைத்தன. கிழக்கே ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் அதேபோல் சீனப் பீங்கான் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. கொல்லத்திலிருந்து பெரியபட்டினத்துக்குப் போகிற கப்பல் குமரிமுனையைச் சுற்றாமல் போக முடியாது. குளச்சல், தேங்காப்பட்டணம், முட்டம், மணக்குடி என்று நம் கரையில் வரிசையாக இறங்குதுறைகள். ஆகவே கோட்டாற்றுச் சந்தைக்கு அந்தச் சரக்கில் கொஞ்சமாவது வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. பச்சைப் பூச்சுப் பீங்கான் துண்டு ஒன்று கிடைத்தால் யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், பளபளப்பு காப்பாற்றிவிடும். பக்கத்தில் கிடக்கும் கறிச்சட்டி விளிம்புக்குத்தான் ஆளில்லை. ஆனால் அந்தப் பீங்கானை வாங்கிய வீடு எது, வாங்க முடியாத வீடு எது என்று சொல்வது இரண்டும் சேர்ந்த கணக்குதான்.

சட்டம் இந்த ஓடுகளைக் காப்பதில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள ஒன்று மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உடைந்த சட்டிக்கு யார் பத்து ரூபாய் விலை சொல்வார்கள்? 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த நினைவுச்சின்னங்களுக்கும் இடங்களுக்கும் பாதுகாப்புத் தருகின்றன. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. மக்கள் குடியிருந்து கடை நடத்துகிற ஒரு தெருவை அப்படி அறிவிப்பது நடக்கிற காரியமில்லை, நடக்கவும் கூடாது. எங்களுக்கும் சாக்கடை வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை.

கீழடியில் 2023இல் நீங்கள் திறந்த அருங்காட்சியகத்தில் பானைகளுக்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் பார்த்து மனம் நிறைந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கீழடி ஒரு தென்னந்தோப்பு. கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேடும் திறந்த மேடு. அங்கே நூல் கட்டி, சதுரம் பிரித்து, அங்குலம் அங்குலமாக இறங்கலாம். கோட்டாற்றில், சுசீந்திரத்தில், தக்கலையில், இரணியலில், குழித்துறையில் அப்படி முடியாது. ஆள் குடியிருக்கிற ஊரில், வேறு காரணத்துக்கு யாராவது வெட்டுகிற குழிதான் நமக்குக் கிடைக்கிற குழி. அது ஒருநாளோ இரண்டு நாளோ திறந்திருக்கும். அந்த நேரத்தில் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஊருக்குள் தோண்டிப் பார்ப்பது புதிதாக நான் கேட்கிற விஷயம் இல்லை. இங்கிலாந்தில் யார்க் நகரத்தின் கடைவீதிப் பகுதியான காப்பர்கேட்டில் புதிய வணிகக் கட்டடம் வருவதற்கு முன், 1976இலிருந்து 1981 வரை தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். வைக்கிங் காலத்து வீடுகளும் பட்டறைகளும் அங்கே கிடைத்தன. 1984இல் அந்த இடத்திலேயே ஜார்விக் என்ற காட்சியகம் திறந்தார்கள், கட்டடமும் வந்தது. 1990க்குப் பிறகு அந்த நாட்டில், கட்டடம் எழுப்புகிறவரே அதற்கு முந்தைய தொல்லியல் பதிவுக்கான செலவை ஏற்பது நடைமுறையானது. பெரிய அகழாய்வு தேவைப்படாத இடங்களில் ஒரு தொல்லியலாளர் குழியோரம் நின்று பார்த்து எழுதுவதோடு சரி. எனக்கு அந்த இரண்டாவது வகைதான் வேண்டும். அதில் நூல் கட்ட வேண்டாம், கொட்டகை போட வேண்டாம்.

என்ன தேவைப்படும் என்று நாங்கள் சிலர் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். ஒரு பழைய ஊரில் ஒரு மீட்டருக்குக் கீழே போகிற எந்த அரசு வேலைக்கும் ஒப்பந்தம் போடும்போது, இந்தத் தெருவில் இந்தத் தேதியில் வெட்டப்போகிறோம் என்று துறைக்கு முன்கூட்டித் தகவல் போக வேண்டும், இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். வருகிறவர் குழியின் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மண் அடுக்குகளின் நிறம் தெரியும்படி அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார். எங்கே சாம்பல் மண் தொடங்குகிறது, எங்கே சிவந்த இயற்கை மண் வருகிறது என்று அளந்து எழுதுவார். சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு, குப்பைக்குழி, பழைய சுவரின் அடி ஏதாவது வெட்டுப்பட்டிருந்தால் அது தனிக் குறிப்பு. ஒவ்வோர் அடுக்கின் ஓடுகளும் தனித்தனிப் பையில், பைக்குள் சீட்டுடன் போகும். அரை நாள் வேலை. ஓடு எதுவும் வரவில்லை என்றால் அதையும் எழுதட்டும், ஊர் எதுவரை பரவியிருந்தது என்று அதிலிருந்துதான் தெரியும்.

பிறகு இருக்கிற வேலைதான் பொறுமையானது. கரியில்லாத ஓடுகளைத் தண்ணீரில் மட்டும் கழுவி, நிழலில் உலர்த்தி, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் எண் போடுவது. எண்ணுவது, எடை போடுவது. இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஒரே பானை நூறு துண்டாகவும் உடையும், நாலு துண்டாகவும் உடையும். விளிம்புகளைத் தனியாகப் பிரித்து, வட்டங்கள் வரைந்த தாளின் மேல் வைத்துப் பார்த்தால் பானையின் வாய் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். இந்த வேலையை எங்கள் பகுதிக் கல்லூரி வரலாற்று மாணவர்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். யாராவது ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

வைக்க இடம் வேண்டும். இந்த மாவட்டத்தின் பழைய சான்றுகள் ஏற்கெனவே பல கைகளில் பிரிந்து கிடக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை நாம் வேறு மாநிலத்தில் இருந்தோம். அதனால் ஆவணங்களில் ஒரு பகுதி திருவனந்தபுரத்தில், பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில், சிதறால் மத்தியத் துறையின் பொறுப்பில். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவரவர் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கிடைப்பதாவது இங்கேயே இருக்கட்டும். கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஓர் அறை, இரும்பு அலமாரி, ஈரம் புகாத பெட்டிகள் போதும். காட்சிக்கு வைப்பது பிறகு. முதலில் ஆய்வாளர் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து கேட்டால், இந்தத் தெரு, இந்த ஆழம் என்று சீட்டைக் காட்ட முடிகிற நிலை வரட்டும்.

குழி வெட்டுகிற தம்பிகளிடமும் ஒரு வார்த்தை. ஜேசிபி ஓட்டுகிறவர்களும் மண்வெட்டி பிடிக்கிறவர்களும்தான் இந்த ஊரின் அடிமண்ணை முதலில் பார்க்கிறவர்கள். மண் திடீரென்று கறுத்தால், ஓடு தொடர்ந்து வந்தால், வட்டமாக அடுக்கிய சுடுமண் உறை தெரிந்தால், பக்கெட்டைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மேஸ்திரியிடம் சொல்லுங்கள். செல்போனில் ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் மண்வெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். சொன்னால் வேலை நின்றுவிடும், கூலி போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். ஆகவே அதிகாரிகளிடம் இன்னொன்றும் கேட்கிறேன். ஓடு கிடைத்ததைச் சொன்ன காரணத்தால் வேலை நிற்கிற அந்த அரை நாளுக்கும் கூலி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்தாலும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வீடு கட்டுகிற என் ஊர்க்காரர்களுக்கும் அதே பயம்தான். பானை ஓடு கிடைத்தது என்று சொன்னால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று பரவலாகப் பேச்சு இருக்கிறது. பார்த்து எழுதிவிட்டுப் போவோம், உங்கள் மனை உங்களுடையதுதான் என்று துறையே ஒரு பக்க அறிவிப்பாக அச்சிட்டு, கட்டட அனுமதி வாங்க வருகிறவர் கையில் கொடுத்தால் அந்தப் பேச்சு அடங்கும்.

தொடங்குவதற்கு ஒரே ஒரு தெரு போதும். அடுத்து கோட்டாற்றில் எங்கே ஆழமாக வெட்டப் போகிறார்களோ அங்கே ஓர் ஆளை அனுப்புங்கள். ஜூன் மழைக்கு முன் என்றால் நல்லது, மழை தொடங்கிவிட்டால் குழியின் சுவர் நிற்காது. வருகிறவருக்குக் கூடமாட உதவ நாங்கள் பத்துப் பேராவது இருக்கிறோம். ஓடுகளை உலர்த்த எங்கள் வீட்டு மாடி இருக்கிறது.

பிள்ளைகளும் நானும் குவியலிலிருந்து எடுத்த ஓடுகள் தெருவின் பெயர் எழுதிய பெட்டியில், கழுவாமல் அப்படியே இருக்கின்றன. ஆழம் என்ற இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அவற்றை எந்த அலுவலகத்தில், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று துறையிலிருந்து ஒரு வரி எழுதினால் நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கோட்டாறு, நாகர்கோவில்.